குளிர்ந்த நீரும் களைத்த தசையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது ஆன்றோர் வாக்கு. உடல் என்னும் அந்தச் சுவரை உறுதிப்படுத்துவதில் விளையாட்டுக்கு ஈடான ஒன்றில்லை. ஆயினும் ஆர்வத்தோடு ஆடுகளத்தில் இறங்கும் மாணவியர் பலர் முதல் வாரத்திலேயே விலகிவிடுவதைக் காண்கிறோம். காரணம் சோம்பல் அன்று, வலி!

திங்கட்கிழமை மாலை கபடியோ கோ-கோவோ உற்சாகமாக ஆடியிருப்பாள். செவ்வாய்க்கிழமை காலையில் தொடை இறுகியிருக்கும். புதன்கிழமையன்று மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிடும். “பெண்பிள்ளைக்கு எதற்கம்மா இந்த வேண்டாத வேலை? காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?” என்று வீட்டில் பாட்டி கவலைப்படுவார். வியாழக்கிழமை முதல் அவள் ஆடுகளத்துப் பக்கமே வருவதில்லை.

மற்றொரு புறம், புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்திருக்கும் படங்களை இன்று பலரும் பார்க்கிறோம். “அப்படிக் குளித்தால் வலி பறந்துவிடுமாமே! நாமும் செய்து பார்த்தால் என்ன?” என்ற ஆசை எழுவது இயல்பே. குளிர்நீரில் அமர்வதால் உண்மையில் என்ன நடக்கிறது? நன்மை எவ்வளவு? தீமை உண்டா? நம் ஊர் மாணவியருக்கு அது தேவைதானா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வலி எங்கிருந்து வருகிறது?

“லாக்டிக் அமிலம் தசையில் தேங்கிவிடுவதால்தான் மறுநாள் வலிக்கிறது” என்று பலகாலமாகச் சொல்லி வந்தார்கள். இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள். ஆனால் அது சரியன்று. வேகமாக ஓடும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம், ஓய்வெடுத்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. முந்தின நாளே போய்விட்ட ஒன்று மறுநாள் வலிக்கு எப்படிக் காரணமாக முடியும்?

அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே இதற்கு வேறு விளக்கம் அளித்தார். பழக்கமில்லாத வேலையைச் செய்யும்போது தசைக்குள்ளேயே மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தாமதமாக வரும் வலிக்கு அவையே காரணம் என்றார் அவர். பின்வந்த ஆராய்ச்சிகளும் இக்கருத்துக்கே துணை நிற்கின்றன.

தசை சுருங்கியபடி வேலை செய்யும்போது இந்தச் சிதைவு குறைவு. சுமையைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் அதிகம். படியேறுவதைவிடப் படியிறங்குவதும், குதித்துத் தரையில் கால் ஊன்றுவதும், வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்பதும் தொடைத் தசையை இவ்வாறு நீட்டி வேலை வாங்குகின்றன. கபடியிலும் கோ-கோவிலும் இவை எத்தனை முறை நிகழ்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

சிதைவு நேர்ந்த இடத்திற்குப் பழுது பார்க்கும் அணுக்கள் விரைகின்றன. அங்கே நீர் கோத்துச் சிறிது வீக்கம் காண்கிறது. நரம்பு முனைகள் கூசுகின்றன. இந்த வலி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்திற்குள் தானே அடங்கிவிடும்.

இதில் நாம் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. பழுது பார்க்கப்பட்ட தசை முன்னைவிட உறுதியாகிறது. அதே ஆட்டத்தை ஓரிரு வாரம் கழித்து ஆடினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். வீடு கட்டும் இடத்தில் மணலும் செங்கல்லும் இறைந்து கிடப்பதைக் கண்டு, வீடு இடிந்துவிட்டது என்று யாரேனும் சொல்வார்களா? முதல் வாரத்து வலியும் அப்படிப்பட்டதே.

குளிர்நீர் செய்வது என்ன?

விளையாட்டு மருத்துவர்கள் ‘குளிர்நீர்’ என்று சொல்வது பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரை. அதில் இடுப்பளவோ மார்பளவோ 10 முதல் 15 நிமிடம் வரை அமர்வது வழக்கம். அப்போது மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன.

முதலாவது, தோலை அடுத்த இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தசைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது; வீக்கமும் மட்டுப்படுகிறது.

இரண்டாவது, நரம்புகளின் வழியே செய்தி செல்லும் வேகம் தணிகிறது. வலிச் செய்தி மூளைக்கு மெதுவாகவே சென்று சேருகிறது. பனிக்கட்டியைச் சற்று நேரம் விரலில் வைத்திருந்தால் மரத்துப் போவது இதனால்தான்.

மூன்றாவது, நீரின் அழுத்தம். நாம் இயற்பியலில் படித்ததுதான்: ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. நீரில் நிற்கும்போது கால்களை மெல்லிய பட்டியால் சுற்றிக் கட்டியது போலாகிறது. தசையில் தேங்கிய நீர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதற்கு நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஆராய்ச்சிகள் சொல்வது

பிரிட்டன் நாட்டு ஓட்ட வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப் 2002-ஆம் ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். சில நாட்களிலேயே மியூனிக் நகரில் ஐரோப்பிய 10,000 மீட்டர் பட்டத்தையும் கைப்பற்றினார். தாம் விரைவில் தேறியதற்குப் பனிநீர்க் குளியல் துணை செய்தது என்று அவர் சொல்லவே, அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவலாயிற்று.

பழக்கம் பரவினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? ‘காக்ரேன்’ என்னும் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு 2012-ஆம் ஆண்டு இது பற்றிய 17 சிறு ஆய்வுகளை, 366 பேர் பங்கேற்றவற்றை, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்கு அடுத்த நான்கு நாட்கள் வரை வலி குறைவாக இருந்தது என்று தெரிந்தது. ஆகவே வலி குறைவது மெய்தான்.

ஆனால் 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்த ஆய்வு ஒரு வேடிக்கையைக் காட்டியது. கடும் பயிற்சி செய்த ஆண்கள் 30 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். முதற்குழு 10 டிகிரிக் குளிர்நீரில் அமர்ந்தது. இரண்டாம் குழு உடற்சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் அமர்ந்தது. மூன்றாம் குழுவுக்கும் அதே வெதுவெதுப்பான நீர்தான். ஆனால் அதில் ஓர் எண்ணெயைக் கலந்து, “இது தசையை விரைவில் தேற்றும்” என்று சொல்லிவிட்டனர். உண்மையில் அது தோலைக் கழுவும் சாதாரணத் திரவமே! மூன்றாம் குழுவினர் குளிர்நீர்க் குழுவினருக்குச் சமமாகக் கால் வலிமையைத் திரும்பப் பெற்றனர். வெறும் வெதுவெதுப்பான நீரில் அமர்ந்தவர்கள் பின்தங்கினர். குளிர்நீர் தரும் பயனில் நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

அடுத்த ஆண்டு, 2015-இல், அதே நாட்டில் வெளியான மற்றோர் ஆய்வு எச்சரிக்கை மணி அடித்தது. இளைஞர்கள் 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தனர். ஒரு பகுதியினர் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 நிமிடம் குளிர்நீரில் அமர்ந்தனர். மற்றவர்கள் அதே 10 நிமிடம் மெதுவாகச் சைக்கிள் மிதித்தனர். முடிவில், சைக்கிள் மிதித்தவர்களுக்கே தசையும் வலிமையும் அதிகம் வளர்ந்திருந்தன! நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2020-ஆம் ஆண்டு ஒருவரது ஒரு காலை 8 டிகிரி நீரிலும் மறுகாலை 30 டிகிரி நீரிலும் வைத்துச் சோதித்தனர். குளிர்ந்த காலின் தசையில் புதிய புரதம் உருவாவது குறைந்திருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. குளிர் வீக்கத்தை அடக்கும்போது, பழுது பார்க்க வந்த வேலையாட்களையும் சேர்த்தே திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதே அது.

காயத்திற்குப் பனிக்கட்டி வைக்கும் முறையிலும் இத்தகைய மறுசிந்தனை நடந்துள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ஆம் ஆண்டு தம் நூலில் பரிந்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியை நெடுநேரம் வைப்பது ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். வலியைத் தணிக்கச் சற்று நேரம் வைப்பதில் தவறில்லை.

எப்போது வேண்டும்? எப்போது வேண்டாம்?

இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். இன்று ஆடிவிட்டு நாளையே மீண்டும் ஆட வேண்டுமானால் குளிர்நீர் உதவும். உடலை வளர்த்துக்கொள்ளும் பயிற்சிக் காலமானால் அது வேண்டாம்.

நம் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹாக்கி வீரர் கார்த்தி செல்வத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடைபெற்றபோது அவர் இந்திய அணியில் ஆடினார். மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரும் அவரே. ஆகஸ்டு 3 முதல் 12 வரையிலான 10 நாட்களில் இந்திய அணி 7 ஆட்டங்கள் ஆடிக் கோப்பையை வென்றது.

கோயம்புத்தூர் வீராங்கனை வித்யா ராம்ராஜின் செய்தி இன்னும் வியப்பானது. 2023 அக்டோபர் 2-ஆம் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றை 55.42 விநாடியில் ஓடி முடித்தார். பி.டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் படைத்த தேசிய சாதனைக்குச் சமம் அது! அன்று மாலையே கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடி வெள்ளி. மறுநாள் தடை ஓட்டத்தில் வெண்கலம். அதற்கடுத்த நாள் மகளிர் தொடர் ஓட்டத்தில் மீண்டும் வெள்ளி. மூன்று நாட்களில் மூன்று பதக்கங்கள்!

இப்படி நெருக்கமாக வரும் போட்டிகளின் இடையேதான் குளிர்நீருக்கு வேலை. அங்கே தசை வளர்வதைவிட நாளைய ஆட்டமே முக்கியம். ஆண்டு முழுவதும் மாலை நேரத்தில் பயிற்சி செய்யும் பள்ளி மாணவிக்கோ தசை வளர்வதே முக்கியம். மேலும், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வயது வந்த ஆண்களை வைத்தே நடத்தப்பட்டவை. ஆகவே வளரும் பெண்கள் அவற்றை அப்படியே பின்பற்ற அவசரப்பட வேண்டியதில்லை.

கீழப்பழுவூரில் குளிர்நீர் எங்கே?

நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கிட்டத்தட்ட 28 டிகிரி அளவில் இருக்கும். மார்கழி விடியலில் நடுங்க வைக்கும் ஏரி நீரும் 15 டிகிரிக்கு இறங்குவதில்லை. அப்படியானால் 200 லிட்டர் பீப்பாய் நீரை 28-லிருந்து 15 டிகிரிக்குக் குளிர்விக்க எவ்வளவு பனிக்கட்டி தேவை? கணக்கிட்டுப் பார்ப்போமா?

200 லிட்டர் நீர் 13 டிகிரி குளிர 2,600 கிலோ கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரியையும், உருகிய நீர் 15 டிகிரியை எட்ட 15 கிலோ கலோரியையும், ஆக 95 கிலோ கலோரியை ஏற்கும். 2,600-ஐ 95-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27 கிலோ! காற்றின் வெப்பமும் பீப்பாயின் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதுவும் ஒருவர் ஒருமுறை அமர்வதற்கு மட்டும். அந்தப் பணத்திற்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினால் ஓர் அணியே பல நாள் உண்ணலாம் அல்லவா?

குளிர்ச்சி வேண்டுமென்று கொள்ளிடத்து மடுவிலோ, ஆழக் கிணற்றிலோ, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் தேங்கிய நீரிலோ இறங்குவது பேராபத்து. அப்பள்ளங்களின் கரை செங்குத்தானது. ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே ஏற வழியின்றித் தவிப்பார்கள்.

பனிநீரிலும் ஆபத்து உண்டு. சட்டென்று இறங்கினால் மூச்சு திணறும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். இந்த அதிர்ச்சி முதல் ஓரிரு நிமிடங்களில்தான் மிகக் கடுமை. எனவே இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும், ஆறாத புண் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் மருத்துவரின் அல்லது பயிற்சியாளரின் மேற்பார்வையின்றித் தனியே இதில் இறங்கலாகாது.

வீட்டிலேயே உள்ள மருந்து

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது?

1. ஆட்டம் முடிந்ததும் சட்டென்று உட்காராமல் 10 நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். மறுநாளும் படுத்துக் கிடக்காமல் இலேசாக நடமாடினால் இறுக்கம் தளரும்.

2. தூக்கமே தலைசிறந்த மருந்து. 13 முதல் 18 வயதுள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

3. தசையைக் கட்டும் செங்கல் புரதம். பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, முட்டை, பால், மீன் ஆகியவற்றில் வீட்டுக்கு ஏற்றதை நாள்தோறும் உண்ண வேண்டும். போதிய நீரும் பருக வேண்டும்.

4. பாட்டி ஊற்றும் இதமான வெந்நீரும் நல்லதே. இறுகிய தசைக்கு அது சுகம் தரும். ஆனால் புதிதாகச் சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கு முதல் இரண்டு நாட்கள் சூடு காட்டவோ, அழுத்தித் தேய்க்கவோ கூடாது.

5. பயிற்சியைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் மட்டும் ஓடிப் பழகுவதுதான் பெரும் வலிக்கு வித்து.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. இரு கால்களிலும் பரவலாக இருந்து நாளுக்கு நாள் குறையும் வலி அச்சத்திற்குரியதன்று. ஒரே இடத்தில் குத்தும் வலி, மூட்டு வீக்கம், கால் ஊன்ற முடியாமை, ஒரு வாரமாகியும் தணியாத வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

குளிர்நீர் உயிர் காக்கும் இடம்

களைத்த தசைக்குக் குளிர்நீர் ஓர் உபசாரம் மட்டுமே. ஆனால் வெயிலில் விளையாடி வெப்பத் தாக்குக்கு ஆளானவருக்கு அதுவே உயிர் காக்கும் மருந்து. நம் மாவட்டத்தின் கோடையை அறிந்த ஒவ்வொருவரும் இதைக் கற்றிருக்க வேண்டும்.

வெயிலில் ஓடிக்கொண்டிருந்த மாணவி தள்ளாடுகிறாள், முன்பின் முரணாகப் பேசுகிறாள், மயங்கி விழுகிறாள், உடல் தொட முடியாதபடி சுடுகிறது. அவளது உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. “முதலில் குளிர்வி, பிறகு கொண்டுசெல்” என்பதே விளையாட்டு மருத்துவத்தின் விதி. அமெரிக்காவின் ஃபால்மவுத் நகர நெடுந்தூர ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இவ்வாறு தாக்குண்ட 274 பேரையும் அங்கேயே பனிநீர்த் தொட்டியில் அமர்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்!

நம்மிடம் பனிக்கட்டித் தொட்டி இல்லையே என்று கலங்க வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உடலுக்கு நம் 28 டிகிரிக் குழாய்நீரும் குளிர்நீரே. உடனே 108-க்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவளை நிழலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலணிகளைக் கழற்றி, ஆடையைத் தளர்த்தி, தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையை மேலே தாங்கியபடி கழுத்து வரை அதில் அமர்த்த வேண்டும். தொட்டி இல்லையெனில் குடம் குடமாக உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துணிகளைத் தலை, கழுத்து, அக்குள் முதலிய இடங்களில் போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும். நினைவற்றவரின் வாயில் நீர் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது.

முடிவுரை

அன்பு மாணவியரே! மறுநாள் வரும் வலி உங்களை ஆடுகளத்திலிருந்து விரட்ட வந்த பகையன்று. உங்கள் தசை வலுப்பெறுவதன் அறிகுறி அது. பனிநீர்த் தொட்டி இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம். நல்ல உணவும் நிறைந்த உறக்கமும் படிப்படியான பயிற்சியும் இருந்தால், உங்கள் உடல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

பெற்றோரே! புதன்கிழமை காலையில் உங்கள் மகள் நொண்டியபடி படியிறங்கி வந்தால், “போதும், நிறுத்து” என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கூடுதலாகக் கொடுங்கள். இரவில் நேரத்தோடு உறங்க விடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அவளை மீண்டும் ஆட அனுப்புங்கள்.